ஏழாவது கிடார்

ஆகஸ்ட் 3, சனி

இந்த நோட்டை என் மனைவி சௌந்தரவல்லி எனக்குத் தெரியாமல் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே விலையை எழுதப்போவதில்லை. வாங்கிவிட்டேன், அவ்வளவுதான். ஏழாவது.

கல்லூரியில் கழித்துப் போட்ட நாற்காலிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லக் கீழவாசல் காஜா மைதீனின் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். கல்லூரி அலுவலகத்துக்கு நான்தான் சூப்பரின்டென்டென்ட். உடைந்த நாற்காலிகளுக்கும், உடையாத நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் சில உடைந்த பேராசிரியர்களுக்கும் நானே பொறுப்பு. கடையில் ஒரு கிரைண்டருக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் அது தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

"அது என்ன பாய்?"

"கரண்டு வீணை சார். வீடு காலி பண்ணவங்க போட்டுட்டுப் போனது. யாருது, எங்கேருந்து வந்துச்சு, ஒண்ணும் தெரியாது. ரெண்டு தந்திதான் இருக்கு. உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல?"

ஐம்பத்து மூன்று ஒரு வயதா! திருப்பிப் பார்த்தேன். அறுபதுகளில் ஜப்பான்காரன் செய்தது. நடுவில் மஞ்சள், ஓரம் போகப் போகச் சிவப்பு, விளிம்பில் கறுப்பு. தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தக் கட்டைகள், பிக்கப், வரிசையாக நாலு. தலை ஒருமுறை முறிந்து ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியவர் தஞ்சாவூர் வீணைக்காரர் யாரோ. முறிவின் குறுக்கே பலா மரத்தில் ஓர் உடுக்கை வடிவத் துண்டைப் பதித்து இழைத்திருக்கிறார், நகத்தால் தடவினாலும் விளிம்பு தெரியவில்லை. கிடாருக்கு வீணை வைத்தியம்! இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

சத்தக் குமிழுக்குக் கீழே, சிகரெட் சுட்ட வடு ஒன்று. அவரைவிதை அளவு.

அதைப் பார்த்ததும் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். மீதிச் சில்லறையை வாங்கவும் மறந்துவிட்டேன். வெயில்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

"ஏழும் ஒரே மாதிரி இருக்கே. ஜப்பான்காரன் வேற டிசைன்ல செய்யவே இல்லையா?" என்று சௌந்தரா கேட்டாள்.

ஒவ்வொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். பொத்தான்களின் வரிசை, பிக்கப் மூடியின் பள்ளம், வருஷம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே பொடவைய நான் ஏழு தடவ எடுத்தா என்ன பேசுவீங்க?" என்றாள். "அதுவும் கட்டத் தெரியாம."

இது இடுப்புக்குக் கீழே அடிப்பது. எனக்கு மூன்று கார்டு வாசிக்க வரும். நாலாவதும் வரும், யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்னும் வாசிக்கவில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை, தந்தி வாங்கணும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பழைய கிடார் வாங்கினால் முதல் வேலை, திருகாணி கழற்றி உள்ளே பார்ப்பது. பற்றவைத்த இடங்களை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று. எங்கள் கூட்டத்தில் இது பெண் பார்க்கும் சடங்குக்குச் சமம்.

மேல்தகட்டைத் தூக்கினேன். கம்பிகள் அப்படியே கன்னி கழியாமல் இருந்தன. குழிக்குள் மட்டும் ஏதோ பழுப்பாக. பேப்பரில் கொட்டினேன். உமி. நெல் உமி, ஒரு தேக்கரண்டி இருக்கும்.

மறுபடி மூடித் திருகிவிட்டேன். காஜா கடையிலிருந்து வந்திருக்கும். பழைய சாமான் கடையில் உமி எதற்கு என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அப்படியும் வாய் சும்மா இருந்ததா? இல்லை. 'பழைய கிடார் பைத்தியங்கள்' வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டேன்.

குழுவில் ஒரு சட்டம் உண்டு. படம் போட்டால் ஜாதகமும் போட வேண்டும். எந்தக் கடையில் வாங்கியது, எது அசல், எது மாற்றியது, எங்கே உடைந்தது, எப்படி உடைந்தது, யார் ஒட்டினார். உடைந்ததை மறைத்தவனுக்கு மன்னிப்பே கிடையாது. போன வருஷம் ஒரு பல் டாக்டரையே நீக்கினோம். நீக்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியவன் அடியேன்.

நான் எழுதியது: "முறிவு தலையும் கழுத்தும் சேரும் இடத்தில். தோள்வார் ஆணியிலிருந்து நழுவி, சிமென்ட் படியின் விளிம்பில் மூன்றாவது முறுக்காணி மோத விழுந்ததால் ஏற்பட்டது. தந்திகள் அறவில்லை, தலை தந்தியிலேயே தொங்கியது. பிறகு பலா மரத் துண்டு பதித்து வீணை முறையில் சரிசெய்யப்பட்டது."

ஒரே பாராட்டு. "என்ன துல்லியம் சார்!" என்றார் ஒரு மதுரைக்காரர். நாற்பத்து மூன்று கட்டை விரல். நாலைந்து நாளைக்குப் பிறகு இன்றுதான் ரசம் ருசித்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் ஒரு குரல் செய்தி. எண் தெரியாதது. குரல் தெரிந்தது.

"டேய் கலியா, நான் போனிபாஸ் பேசுறேன். பொன்மலைல ஒரு பய உன் கிடாரு படத்த எனக்கு அனுப்புனான். சூட்டுத் தழும்பப் பாத்தேன். அது என்னோடதுடா. சந்தோஷம். ஆனா கீழ எழுதியிருக்கியே, படியில விழுந்துச்சு, மூணாவது கீ மோதுச்சுன்னு... அது உனக்கு எப்புடிடா தெரியும்? அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். ஒரு ஆளையும் கூட்டிட்டு வரேன். வீட்ல இரு."

பதினேழு தடவை கேட்டேன். சந்தோஷம் என்ற இடத்தில் சந்தோஷம் இல்லை.

போனிபாஸ் அண்ணன் யார் என்றால், பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், மாலையில் தேன்சிட்டு மெல்லிசைக் குழுவின் தலைவர், கிடார்காரர். கப்பலில் வேலை பார்த்த மச்சான் கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் கிடார் அது. நான் அந்தக் குழுவின் அறிவிப்பாளன். 'கலகல கலியபெருமாள்'. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே மைக்கைப் பிடித்து ஜோக் அடிப்பேன். இருபது வயது. எனக்குக் கிடாரைத் தொட அனுமதியில்லை. "வாயால வாசி, போதும்" என்பார்.

1991 தை மாசம், லால்குடி பக்கத்தில் ஓர் அரிசி ஆலைத் திறப்பு விழா. காலைக் கச்சேரி. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வந்து பார்த்தால் கிடாரைக் காணோம். வேன் டிரைவர் சவரிமுத்துதான் எடுத்துவிட்டான் என்று ஆயிற்று. சாமான் ஏற்றி இறக்குவது அவர்தான். பந்திக்கும் அவர் கடைசியாகத்தான் வந்தார். போனிபாஸ் அண்ணன் எல்லோர் முன்னாலும் அவரை அறைந்தார். அப்புறம் வேலை போயிற்று. இதுதான் ஊரறிந்த கதை. நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சொல்வேன், ஆக்‌ஷனோடு.

ஒரு ஆளையும் கூட்டிவருகிறாராம். யார்? போலீஸா?

ஆகஸ்ட் 12, திங்கள்

மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டுக் காஜா கடைக்குப் போனேன்.

"பாய், யாராவது வந்து கேட்டா, அந்தக் கிடாரு படியில விழுந்து ஒடஞ்சுச்சுன்னு நீங்கதான் எங்கிட்ட சொன்னீங்க. சரியா?"

"நான் சொல்லலையே சார்."

"சொன்னதா வெச்சுக்கங்க."

"எந்தப் படி சார்?"

"சிமென்ட்டுப் படி. நெல்லு காயப்போடுற களத்துல எறங்குற படி. மூணு படி இருக்கும், நடுப்படி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. காஜா என்னையே பார்த்தார். "சார், நீங்க பெரிய உத்தியோகத்துல இருக்கீங்க. அது திருட்டுப் பொருளா? எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு சார்." அவர் கண்ணில் நிஜமான பயம். பாவம், என் பயத்தில் பாதியை அவரிடம் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். என்னிடம் ஒன்றும் குறையவில்லை என்பதுதான் விசேஷம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று செய்யப் பார்த்ததை எந்தப் பைத்தியமும் மன்னிக்காது. உப்புத்தாள் வாங்கிவந்தேன். சிகரெட் வடுவைத் தேய்த்துவிட்டால் இது அதுவல்ல, வேறு ஏதோ ஒன்று. ஜப்பானில் இதே மாதிரி ஆயிரம் செய்திருப்பான், இல்லையா?

மடியில் வைத்து உப்புத்தாளை மடித்துக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டேன். பக்கத்தில் அந்தப் பலா மரத் துண்டு. கண்ணில்லாதவன் தடவினாலும் ஒருவர் இதன்மேல் நாலு நாள் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவான். யாரோ உடைத்ததை, யாரென்று கேட்காமல், உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்.

உப்புத்தாளைக் கொல்லைக் குப்பையில் போட்டேன்.

"ஒடம்பு சரியில்லையா?" என்றாள் சௌந்தரா. "ரெண்டு நாளா சாம்பாரக் கொற சொல்லல."

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். இருபது வருஷமாகக் கல்லூரியில் மைக் என் கையில்தான். இன்று மாணவர்கள், பேராசிரியர்கள், சட்டையில் குத்திய கொடிகள் எல்லாம் தயார். மைக்கைப் பிடித்தேன். "அனைவருக்கும்" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மூன்றாவது வரிசையில் வழுக்கைத் தலையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சவரி அண்ணன் இப்போது இப்படித்தான் இருப்பார் என்று தோன்றியது. இயற்பியல் துறைக்குப் புதிதாக வந்த ஆளாம்.

நெஞ்சு அடித்த அடியில் மைக் அதை வாங்கி ஒலிபரப்பிவிடுமோ என்று கையை இறக்கிக்கொண்டேன். முதல்வர் மைக்கை வாங்கி முடித்துக் கொடுத்தார். எல்லோரும் என் ஷுகரைப் பற்றி விசாரித்தார்கள். எனக்கு ஷுகர் இல்லை. உண்டு என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல மட்டும் வாய் தடுமாறவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சென்னைக்குப் போய்விடலாமா? அக்கா வீடு இருக்கிறது. அக்காவும் இருக்கிறாள், அதுதான் கஷ்டம்.

ஆகஸ்ட் 17, சனி

(கீழே உள்ளது என் கையெழுத்து இல்லை. சாயங்காலம் நோட்டைத் திறந்தபோது இருந்தது.)

படிச்சிட்டேன். முழுசும். நாளைக்கு எத்தன பேருக்குச் சமைக்கணும்னு மட்டும் எழுதி வைங்க. ஊருக்கெல்லாம் ஓட வேண்டாம். — சௌ.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டு பேர். எழுதி வைத்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு பழைய வேன் வந்து நின்றது. பக்கத்து ஸீட்டிலிருந்து போனிபாஸ் அண்ணன் இறங்கினார், எழுபத்தைந்து வயது, இடுப்பு வளைந்துவிட்டது. ஓட்டிவந்தவர் இறங்க நேரமாயிற்று. கண்ணாடியைச் சரிசெய்து, சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, அப்புறம் திரும்பினார். வழுக்கை இல்லை. முடி அப்படியே நரைத்திருந்தது. சவரி அண்ணன்.

போலீஸே வந்திருக்கலாம்.

காப்பி வந்தது. கிடாரைக் கொண்டுவந்து வைத்தேன். போனிபாஸ் அண்ணன் மடியில் எடுத்து வைத்து, பலாத் துண்டைத் தடவி, வடுவில் விரல் வைத்தார். இரண்டு தந்திதான் என்றாலும் விரல்கள் கழுத்தில் ஏறி இறங்கின. சவரி அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை.

"காஜாகிட்ட பேசிட்டு வரோம்" என்றார் போனிபாஸ் அண்ணன், தலை நிமிராமல். "அவன் அழுதுட்டான்டா. 'களத்துல எறங்குற நடுப்படின்னு அந்த சார்தாங்க சொல்லச் சொன்னாரு, நான் ஒரு பாவமும் அறியேன்'னு."

வாயைத் திறந்தேன். எதிர்பார்த்த பொய் வெளியே வரவில்லை. பதிலாக எல்லாம் வந்தது. பந்திக்கு எல்லோரும் போனதும் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தது. கண்ணாடி எங்கேயும் இல்லாததால் ஆலை ஜன்னலில் என் உருவம் தெரிகிறதா என்று படியேறிப் பார்த்தது. வார் கழன்றது. அந்தச் சத்தம். தலை தந்தியில் தொங்க, அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, கொதிகலனுக்குப் பின்னால், வெள்ளோட்டத்தில் சேர்ந்த உமிக் குவியலில் முழங்கை வரை புதைத்தது. கை கழுவிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கியது. இந்த முப்பத்து மூன்று வருஷமாக எங்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பழைய கிடார் என்று கேள்விப்பட்டாலும் ஓடியது. ஆறு தடவை குமிழுக்குக் கீழே பார்த்து, வடு இல்லாமல், வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு வாங்கிவந்தது.

போனிபாஸ் அண்ணன் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அறைந்த கை. "நான் என்னடா பண்ணுவேன் இப்ப" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

சவரி அண்ணன் காப்பியைக் குடித்து முடித்தார். "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி" என்றார்.

"அண்ணே..."

"என்னைய அடிச்சப்போ எல்லாரும் என்னைய பாத்தாங்க. நீ மட்டும் உமிய பாத்தே. அப்புறம் வண்டியில கண்ணாடில பாத்துக்கிட்டே வந்தேன். லால்குடிலேருந்து பொன்மலை வர ஒரு ஜோக்கு அடிக்கல நீ. எப்பவும் வாய மூட மாட்டே. மறுநா நான் போய்க் குவியலத் தோண்டுனேன். இல்ல. கொதிகலனுக்கு அள்ளியிருப்பாங்க, எரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். எரியாம எவனோ எடுத்து வித்திருக்கான்."

"ஏன் சொல்லல?"

"டிரைவரு சொன்னா? சாம்பலக் காட்டியா?" சிரித்தார். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன். மொத வருஷம் ரொம்ப எதிர்பாத்தேன். தெருவுல எம் பேரு கிடாரு சவரி. வாசிக்கிறவன்னு நெனச்சுக் கல்யாணத்துக்குக் கூப்புட வந்தவங்க உண்டு. எம் பொண்ணு நிச்சயத்துல மாப்பிள்ளையோட சித்தப்பா கேட்டாரு, ஏன் அந்தப் பேருன்னு. சபைல யாரோ சொன்னாங்க. நீ ஆக்‌ஷனோட சொல்லுவியாமே, அப்புடியே சொன்னாங்க."

காலில் விழப் போனேன். தள்ளி உட்கார்ந்துகொண்டார். "அதெல்லாம் வேணாம். காசும் வேணாம். அடுத்த மாசம் எட்டாம் தேதி மாதா திருநாளு. பழைய குழுவெல்லாம் சேந்து கோயில் மைதானத்துல வாசிக்கப் போறாங்க. எங்க தெருவே வரும். மாப்பிள்ளை வீடும் வரும். மைக்கப் புடிச்சு நீ சொல்லணும். எம் பேரு, ஒம் பேரு, ரெண்டும் முழுசா."

கிடாரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். "சொல்லி முடி. அப்புறம் தொடுறேன்" என்றார்.

சௌந்தரா இலை போட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் போட்டாள். அதுவரை அவள் எனக்குப் போடுவாளா என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வாட்ஸ்அப் குழுவில் ஜாதகத்தைத் திருத்தி எழுதினேன். 'யாரால் உடைந்தது: என்னால்.' நீக்கிவிட்டார்கள். பல் டாக்டர் எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

செப்டம்பர் 5, வியாழன்

அறிவிப்பை ஒன்பது முறை எழுதினேன். ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு ஜோக் ஒளிந்துகொண்டு வந்துவிடுகிறது, ரயிலில் டிக்கெட் இல்லாதவன் மாதிரி. சௌந்தரா சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே இருக்கிறாள்.

செப்டம்பர் 7, சனி

நாளை.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாலை நாலு மணி. மைதானம் நிறைய நாற்காலி. போனிபாஸ் அண்ணன் புதுத் தந்தி மாட்டிய கிடாரோடு மேடையில். மூன்றாவது வரிசையில் சவரி அண்ணன், வெள்ளைச் சட்டை, பக்கத்தில் மகள், மாப்பிள்ளை, பேத்தி. மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நான் கலியபெருமாள். இந்தக் கிடாரை 1991இல் உடைத்து, உமிக் குவியலில் ஒளித்துவைத்தவன் நான்."

மைதானமே சிரித்தது.

இதை நான் ஒன்பது வரைவிலும் யோசிக்கவில்லை. கலகல கலியபெருமாள் அல்லவா! கிழவர்கள் தொடையில் தட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார். "பழைய ஃபார்ம் போகல!" என்று யாரோ கத்தினார்கள். சவரி அண்ணன் சிரிக்கவில்லை. அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இப்படியே விட்டால் இதுவும் ஒரு ஜோக்காகித் தெருவில் சுற்றும். அந்தப் பேரும் சாகிற வரை அவர் மேலேயே இருக்கும். வாழ்நாளில் முதல்முறையாகச் சிரிப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவே இல்லை.

போனிபாஸ் அண்ணன் எழுந்தார். வளைந்த இடுப்போடு என் பக்கத்தில் வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து, அன்று அறைந்த வலது கையைத் தூக்கிக் காட்டினார். சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது.

மறுபடி சொன்னேன். தேதி, ஆலை, நடுப்படி, உமி, பாயசம். "சவரிமுத்து அண்ணன் அதைத் தொடவே இல்லை. அவர் அடி வாங்கும்போது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைப் பற்றி இத்தனை வருஷம் நான் சொன்ன கதை பொய்." யாரும் கைதட்டவில்லை. ஒரு குழந்தை ஐஸ் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

அப்புறம் கச்சேரி நடந்தது. பலாத் துண்டு தாங்கியது. கிடார் பாடிற்று; நான் அதைப் பற்றி எழுத அருகதை உள்ளவன் இல்லை.

கடைசிப் பாட்டு முடிந்ததும் சவரி அண்ணன் மேடையேறினார். போனிபாஸ் அண்ணன் வாரைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார். பெட்டிக்குள் வைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் வண்டிக்குப் போகக் குறுக்கு வழி இருக்கிறது, அதில் போகவில்லை. முன்பக்கமாக இறங்கி, நாற்காலிகளின் நடுவே, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கணம் நின்று நின்று, கிடாரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, தன் தெருவுக்கு நடுவே மெதுவாக நடந்து போனார். பேத்தி பின்னாலேயே வந்து தொங்கிய வாரைப் பிடித்துக்கொண்டது.

கிடாரைப் போனிபாஸ் அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டு, என்னையும் சௌந்தராவையும் தஞ்சாவூருக்குச் சவரி அண்ணனே வேனில் கொண்டுவந்து விட்டார். மறுத்தோம், கேட்கவில்லை. துவாக்குடி வந்தது. அப்புறம் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தார்.

"எங்கே, ஒரு ஜோக்கு அடி பாப்பம்."

செங்கிப்பட்டி தாண்டும் வரை யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணாடியை என் முகத்திலிருந்து சற்றுத் திருப்பி, பின்னால் ரோடு தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.